கையெழுத்து போடு, சல்கினாய்!

போன் அலறியது.

கல்லா மேஜையில் தலை சாய்த்துக் கிடந்த கடைக்காரர் தொக்தோசுன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ரிசீவரை எடுத்தார்.

"ஆல்மா புத்தகக் கடைதானே?" கைக்குட்டை சுற்றிய குரல்.

"ஆமாங்க..."

"அங்கே ஒருத்தி உக்காந்து கையெழுத்து போட்டுக்கிட்டிருக்காளே... அவ ஒரு கொலைகாரி!"

"என்னது?!"

"நாவல்ல ஒருத்தி புருஷனைக் கொன்னு தோட்டத்துல புதைக்கிறாளே... அது கதை இல்லே. நடந்தது! உள்ளே கிடக்கிறது அவ புருஷன் கெல்தீபெக்!"

தொக்தோசுன் ரிசீவரை இறுகப் பிடித்தார்.

"உம்சுனாய் அக்கா... ஜலதோஷமா? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

எதிர்முனையில் அவசரமாய் ஒரு இருமல்.

"நான் உம்சுனாய் இல்லே!"

டொக்!

காரகோல் நகரத்தில் உம்சுனாய்க்குத் தெரியாமல் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை. அறுபதைத் தாண்டிய விதவை. நெருப்பு நிறத்தில் சாயம் பூசிய கூந்தல். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால், கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் ஏரியின் அக்கரைக்குப் போய்விடும்.

தொக்தோசுன் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

கடை நடுவில் மேஜை. வெள்ளை விரிப்பு. தட்டு நிறைய பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள். பக்கத்தில் கோபுரமாய்ப் புத்தகங்கள்.

'வேருக்குக் கீழே ஒரு விரல்!'

அட்டையில் ரத்தம் சொட்டும் மண்வெட்டி.

அதற்குப் பின்னால் புது நீல கவுனில் சல்கினாய். வயது நாற்பதுகளின் நடு. சந்தைத் தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறவள். முதல் நாவல். முதல் கையெழுத்து விழா.

எதிரே வரிசையாய் நாற்காலிகள்.

அத்தனையும் காலி!

காலையிலிருந்து வந்தது ஒரே ஒரு கிழவர். அவரும் காலண்டர் கேட்டார். இல்லை என்றதும் ஒரு பூர்சோக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொக்தோசுன் சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகம். போன வாரம்தான் கட்டடச் சொந்தக்காரர் வந்து சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். இந்த இடத்துக்குச் செல்போன் கவர் விற்கிற கடை வரப்போகிறதாம். இந்த நாவல் படுத்தால் ஆல்மாவும் கூடவே படுத்துவிடும்.

இந்த நேரத்தில் இப்படி ஒரு போன்...

கொலைகாரி!

அவர் முகம் வெளுத்தது.

பிறகு, கொஞ்சம் கொஞ்சமாய், மீசைக்குக் கீழே ஒரு புன்னகை எட்டிப் பார்த்தது.

'சேச்சே... வெட்கமா இல்லே உனக்கு?' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். புன்னகை போகவில்லை.

"யார் அண்ணே போன்ல?" சல்கினாய் கேட்டாள்.

"உம்சுனாய் அக்கா இல்லைன்னு சொல்ற ஒருத்தங்க."

"என்னவாம்?"

"நீ... உன் வீட்டுக்காரரைக் கொன்னுட்டியாம்."

சல்கினாய் பேனா மூடியைத் திருகினாள். நிதானமாக.

"எங்கே புதைச்சேனாம்?"

"தோட்டத்துல."

"அப்ப இன்னும் நாற்காலி போடுங்க அண்ணே. பத்தாது!"

பத்தவில்லைதான்!

தொக்தோசுன் பக்கத்துத் தையற்கடையில் இரவல் வாங்கிய நாற்காலிகளை இறக்கி வைப்பதற்குள் வாசல் நிரம்பிவிட்டது. சந்தைக்கு வந்தவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிய பாட்டிமார்கள். வாழ்நாளில் பள்ளிப் புத்தகம் தவிர வேறெதையும் தொடாத குதிரை வியாபாரிகள்கூட வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி அக்குளில் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கெல்தீபெக்கை ஊர் மறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன். கூடவே மச்சான் ஷெர்னியாஸ்... சல்கினாயின் ஒரே தம்பி. இரண்டு பேருமாய்ச் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரையை நல்ல விலைக்கு விற்றார்கள். மறுநாள் இரண்டு பேரையும் காணோம். போன் இல்லை. தகவல் இல்லை. ரஷ்யா விழுங்கிவிட்டது என்று ஊர் பேசியது. ரஷ்யா விழுங்கிய ஆண்கள் அந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர்.

ரெண்டு நாளாய்க் காதோடு காதாய்ப் புகைந்த புதுக் கதை இப்போது ஊருக்கே கிடைத்துவிட்டது.

"எங்கிட்ட ஒண்ணு குடுங்க!"

"எனக்கு ரெண்டு!"

"தள்ளாதீங்கய்யா... புத்தகம் எங்கேயும் ஓடிடாது!"

"புத்தகம் ஓடாது. எழுதினவங்க ஓடிட்டா?"

சிரிப்பு வெடித்தது. சல்கினாயும் சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

ஒரு குதிரை வியாபாரி குனிந்தார்.

"யார் பேருக்கு எழுதட்டும்?"

"என் சம்சாரத்து பேருக்கு... இல்லே இல்லே, வேணாம்மா! என் பேருக்கே போடு. அவ இதைப் படிக்க வேணாம். எங்க வீட்டுத் தோட்டம் பெரிசு!"

அடுத்து ஒரு இளம்பெண். கண்கள் பளபளத்தன.

"அக்கா... கத்தரிக்கோலா, கயிறா?"

"பதினெட்டாம் அத்தியாயம் கண்ணு. அங்கே இருக்கு."

"ஐயோ, கதையில இல்லேக்கா... நிஜத்துல!"

தொக்தோசுன் இடையில் பாய்ந்தார்.

"அடுத்த ஆள்! அடுத்த ஆள் வாங்க!"

அடுத்த ஆள்... உம்சுனாய்!

நெருப்புக் கூந்தலைச் சிலுப்பிக்கொண்டு, மேஜைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றினாள். புத்தகம் வாங்கவில்லை. பூர்சோக் ஒன்றை வாயில் போட்டாள்.

"ஏன்டி சல்கினாய்... கேக்கறேன்னு தப்பா நினைக்காதே."

"நினைக்கல. கேளுங்க அக்கா."

"போன வருஷத்திலேர்ந்து வியாழக்கிழமை தவறாம உன் வீட்டுல எண்ணெய் காயுதே... பூர்சோக் வாசனை என் வீட்டு ஜன்னல் வரைக்கும் வருதே... அது யாருக்கு?"

கடையில் எல்லாத் தலைகளும் சல்கினாய் பக்கம் திரும்பின.

வியாழக்கிழமை எண்ணெய் காய்ச்சி வாசனை காட்டுவது செத்தவர்களுக்கு. உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும்.

சல்கினாயின் பேனா ஒரு கணம் நின்றது.

"என் அம்மாவுக்கு."

"உங்கம்மா செத்து இருபது வருஷமாச்சு! திடீர்னு போன வருஷம்தான் அம்மாவுக்குப் பசிச்சுதா?"

கூட்டத்தில் 'ஹ்ஹா' என்று ஒரு மூச்சு.

தொக்தோசுனுக்கு முதன்முதலாய் முதுகில் சில்லிட்டது. இவள் நிஜமாகவே...?

அப்போதுதான் வாசல் மணி கிணுகிணுத்தது.

காக்கிச் சட்டை!

குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஜுமாகதிர். ஒல்லியான ஆள். எப்போதும் தூக்கக் கலக்கமாய்த் தெரிகிற கண்கள். கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். ஒரு விதையைப் பல்லில் உடைத்து, தோலை நாகரிகமாய் உள்ளங்கையில் துப்பினார்.

கூட்டம் தானாகவே வழி விட்டது.

அவர் கோபுரத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்தார். மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார்.

"கையெழுத்து போடுங்க அக்கா."

"யார் பேருக்கு?"

"குற்றப் பிரிவு, காரகோல்."

யாரோ 'களுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சல்கினாய் எழுதினாள். மை தெளிவாகவே விழுந்தது. ஆனால் அவள் பேனா மூடியைத் தலைகீழாய் மாட்டப் பார்ப்பதைத் தொக்தோசுன் கவனித்துவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் ஜுமாகதிர். "நேத்தே ஒரு பிரதி கைக்கு வந்துது. ராத்திரி முழுக்கத் தூங்கல. முக்கியமா... அந்த மண்ணைப் பத்தி எழுதியிருக்கீங்களே. ஒரு ஆளைப் புதைச்ச மண்ணு எப்படி மெல்ல உள்வாங்கும், முதல் மழைக்கு அப்புறம் எப்படிக் குழி விழும்... அதெல்லாம் பியூட்டி பார்லர்ல கத்துத் தர மாட்டாங்களே அக்கா?"

"கற்பனைதான்."

"இருக்கலாம்."

அவர் வாசலுக்கு நடந்தார். கதவை அகலத் திறந்தார். தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"எல்லாருக்கும் சொல்லிக்கறேன்! ஊர்ல வதந்தி ஜாஸ்தியாயிடுச்சு. புகார் மேல புகார். அதனால... சல்கினாய் அக்கா தோட்டத்தை இப்பவே தோண்டப் போறோம். மண்வெட்டியோட ஆளுங்க கிளம்பிட்டாங்க! ஒரு மரம் விடாம, ஒரு பாத்தி விடாம!"

"ஆஆ!"

கடையே ஒரே வாயாய் அலறியது. உம்சுனாய் இன்னொரு பூர்சோக்கை எடுத்தாள்.

அடுத்த கணமே வியாபாரம் வெறி பிடித்தது. நாளைக்குப் புத்தகம் தடையாகிவிடும் என்று யாரோ சொல்ல, இரண்டு கையாலும் அள்ளினார்கள். இரண்டாவது பெட்டியைக் கிழித்தார் தொக்தோசுன். மூன்றாவதைக் கிழித்தார். ஆல்மா பிழைத்துவிட்டது! செல்போன் கவரை எவன் மண்டையிலாவது மாட்டிக்கொள்ளட்டும்!

ஆனாலும்...

அவர் கண் சல்கினாய்மேல் விழுந்தது. பதினைந்து வருஷமாய் அவர் தலைமுடியை வெட்டிவிடுகிற பெண். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில், கேட்காமலே வாரத்துக்கு ஒருமுறை சூப் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனவள்.

தொக்தோசுன் பெட்டியைக் கீழே போட்டார்.

"சல்கினாய்! பேனாவுக்கு மை... இப்படி வா, ஒரு நிமிஷம்!"

அகராதி அலமாரிக்குப் பின்னால் அவளை இழுத்தார்.

"பின்வாசல் இருக்கு. சந்து வழியா போனா பஸ் நிலையம். ஓடிடு!"

"அண்ணே..."

"எதையும் சொல்லாதே. எனக்குத் தெரிய வேணாம். அவன் உன்னை அடிப்பான்னு ஊருக்கே தெரியும். நீ என்ன பண்ணினேன்னு நான் கேக்கல. இன்ஸ்பெக்டரை நான் பார்த்துக்கறேன். என் கடையில இருக்கிற ஒவ்வொரு அகராதியா எடுத்து விளக்கம் சொன்னா ரெண்டு மணி நேரம் தாங்குவார்!"

"நான் ஓடிட்டா புத்தகம் என்னாகும்?"

"புத்தகம் கிடக்குது புத்தகம்! உயிர் முக்கியமா, கையெழுத்து முக்கியமா?"

சல்கினாய் அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் ஏதோ மினுங்கியது. கண்ணீரா... இல்லை, வேறேதாவதா? அவருக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு நீங்க பேசினதை மறக்க மாட்டேன் அண்ணே" என்றாள். "ஆனா ஓட வேண்டியது நான் இல்லே."

மறுபடி போய் மேஜையில் உட்கார்ந்துவிட்டாள்!

"பைத்தியம்..." தொக்தோசுன் தலையில் அடித்துக்கொண்டார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அஷ்லான்ஃபூ கடை. காரமான குளிர்ந்த நூடுல்ஸைக் கிண்ணத்தோடு உறிஞ்சுகிற கூட்டம். அதில் ஒருவன் மட்டும் காலையிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. தொப்பியைப் புருவம் வரை இறக்கியிருந்தான். முன்னால் காலிக் கிண்ணங்கள்.

இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டதும் அவன் கையிலிருந்த கரண்டி நழுவியிருந்தது.

இப்போது எழுந்தான்.

தெருவைக் கடந்தான். ஒரு வேன்காரன் ஹாரன் அடித்து, அவன் அம்மாவை விசாரித்துவிட்டுப் போனான். காதில் வாங்கவில்லை.

கடைக்குள் நுழைந்தான். வரிசையை மதிக்காமல் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"யோவ்! வரிசையில வாய்யா!"

"நான் எதுக்கு வரிசையில வரணும்?"

தொப்பியைக் கழற்றினான்.

உம்சுனாய் வாயிலிருந்த பூர்சோக் கீழே விழுந்தது.

"அல்லாவே... கெல்தீபெக்!"

வீல்ல்ல் என்று ஒரு அலறல். இரண்டு பாட்டிமார்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். குதிரை வியாபாரி நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"பேய்!"

"பேயாவது பிசாசாவது! நான்தான்!" கெல்தீபெக் நெஞ்சில் குத்திக்கொண்டான். நல்ல உயரம். தாடி வளர்ந்திருந்தது. கண்ணில் மட்டும் பழைய திமிர். "தொட்டுப் பாருங்க! கிள்ளிப் பாருங்க! உயிரோட இருக்கேன்!"

ஒரு பாட்டி நிஜமாகவே கிள்ளிப் பார்த்தாள்.

"ஆ! மெதுவா!"

"உயிரோடதான் இருக்கான்" என்று அறிவித்தாள் பாட்டி. குரலில் ஏமாற்றம்.

தொக்தோசுன் சுவரில் சாய்ந்தார். ஒரு பக்கம் 'அப்பாடா... சல்கினாய் கொலைகாரி இல்லை' என்று நெஞ்சு லேசானது. மறுபக்கம்...

மறுபக்கத்தை உம்சுனாயே ஆரம்பித்து வைத்தாள்.

"அப்ப இது பொய்க் கதையா?"

"நாவல்னாலே பொய்க் கதைதான் அக்கா!" தொக்தோசுன் பதறினார்.

"அதெல்லாம் கிடையாது! நிஜக் கொலைன்னு நினைச்சு வாங்கினோம்!"

"நீங்க வாங்கவே இல்லையே!"

"வாங்கினவங்க சார்பா பேசறேன்! பணத்தைத் திருப்பிக் குடு!"

"திருப்பிக் குடு!"

"புருஷன் முழுசா வந்து நிக்கிறான்! இது என்ன மோசடி?"

புத்தகங்கள் மேஜைமேல் பொதபொதவென்று வந்து விழுந்தன. கோபுரம் மறுபடி வளர்ந்தது. தொக்தோசுன் கண்ணெதிரே ஆல்மா மெல்லச் சரிந்து, அதன்மேல் பளபளவென்று செல்போன் கவர்கள் முளைத்தன.

ஜுமாகதிர் விதை கொறித்துக்கொண்டே வந்தார்.

"கெல்தீபெக் தம்பி! நல்லவேளை வந்தீங்க. இல்லேன்னா அநியாயமா ஒரு பொம்பளை..."

"அதுக்குத்தான் சார் ஓடி வந்தேன்! அல்மாட்டியில இருந்தேன். சேதி கேட்டு, ராவோட ராவா எல்லை தாண்டி வர்றேன். என்ன இருந்தாலும் என் பொண்டாட்டி இல்லையா? முதல்ல உங்க ஆளுங்களுக்கு போன் பண்ணுங்க. தோண்ட வேணாம்னு சொல்லுங்க!"

"சொல்லிடலாம்."

ஜுமாகதிர் செல்போனை எடுத்தார்.

கெல்தீபெக்குக்குத் தெம்பு வந்துவிட்டது. மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மனைவியின் முன்னால் வீசினான்.

"எழுத்தாளராயிட்டியா? என்னைச் சாகடிச்சு சம்பாதிக்கிறியா? இப்ப இதுல எழுது. முதல் பக்கத்துல, ஊர் பார்க்க எழுது. 'என் புருஷன் உயிரோட இருக்கான். தோட்டத்துல யாரும் இல்லே'ன்னு எழுது. கையெழுத்து போடு, சல்கினாய்!"

பின்னால் நின்றவர்கள் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தார்கள்.

சல்கினாய் பேனாவை எடுத்தாள்.

"என் புருஷன்... உயிரோட... இருக்கான்." சொல்லிக்கொண்டே எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். நிமிர்ந்தாள்.

"இதை எழுதிட்டேன். மீதியை எழுத மாட்டேன்."

"ஏன்?"

"தோட்டத்துல யாரும் இல்லேன்னு எனக்கெப்படித் தெரியும்? இன்ஸ்பெக்டர் சார், போன் பண்ணாதீங்க. தோண்டட்டும்."

"எதுக்குடீ தோண்டணும்? அதான் நான் இங்கே நிக்கறேனே!"

"நீ இங்கே நிக்கிறே. சரி. உயிரோட நிக்கிறவனுக்குத் தோட்டத்தைத் தோண்டினா என்ன, தோண்டாட்டி என்ன?"

கெல்தீபெக் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினான்.

"வேர்... வேர் கெட்டுப்போகும். ஆப்ரிகாட் மரம்... காய்க்கிற மரம்..."

"நாலு வருஷமா பொண்டாட்டி இருக்காளா செத்தாளான்னு ஒரு போன் இல்லே. மரத்து மேல இவ்வளவு பாசமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. சல்கினாயின் முகத்தைப் பார்த்து.

"என் தம்பி எங்கே?" என்றாள்.

"யாரு... ஷெர்னியாஸா? அவனுக்கென்ன? ரஷ்யாவுல ஜம்முனு இருக்கான்!"

"பேசினியா அவன்கிட்டே?"

"நேத்துகூடப் பேசினேன்! உன்னை விசாரிச்சான். அக்கா நல்லா இருக்காளான்னு கேட்டான்."

சல்கினாய் கண்களை மூடிக்கொண்டாள்.

ஜுமாகதிர் கடைசி விதையை உடைத்தார். தோலைப் பொட்டலத்தில் போட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். தூக்கக் கலக்கம் போன இடம் தெரியவில்லை.

"நேத்துப் பேசினானா? ஆச்சரியமா இருக்கே!" என்றார். "போன வருஷம் ஏப்ரல்லயே அவனை நாங்க ராத்திரியில, ஊருக்குத் தெரியாம வெளியே எடுத்துட்டோமே... அந்த ஆப்ரிகாட் மரத்தடியிலேர்ந்து!"

கெல்தீபெக்கின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

திரும்பினான். பாய்ந்தான்!

வாசலில் குதிரை வியாபாரிகள். குதிரையையே மறித்துப் பழகியவர்கள். ஒருவர் காலை நீட்டினார். கெல்தீபெக் நாற்காலிகளோடு சேர்ந்து தடாலென்று விழுந்தான். எழுவதற்குள் மணிக்கட்டில் விலங்கு 'க்ளிக்' என்றது.

"தோட்டத்துல... இப்ப தோண்டறாங்கன்னு..." திணறினான்.

"எந்தத் தோட்டத்துல? என் ஆளுங்க ஸ்டேஷன்ல டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க" என்றார் ஜுமாகதிர்.

தொக்தோசுன் பக்கத்திலிருந்த அகராதி அடுக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சல்கினாய்... உனக்கு எல்லாம் தெரியுமா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"போன வருஷம் உருளைக்கிழங்கு போடக் குழி தோண்டினேன் அண்ணே. முதல்ல வந்தது ஒரு பூட்ஸ். தம்பிக்கு நான் வாங்கிக் குடுத்த பூட்ஸ். அவன் ரஷ்யா குளிருக்குன்னு ஆசையா வச்சிருந்தான். கிளம்பவே இல்லே என் தம்பி. குதிரை வித்த பங்கைக் கேட்டிருக்கான். அவ்வளவுதான் அவன் செஞ்ச தப்பு."

பாட்டிமார்கள் உள்ளங்கையை ஏந்தி முணுமுணுவென்று பிரார்த்தித்தார்கள்.

"இவனை ரஷ்யா பூராத் தேடினோம்" என்றார் ஜுமாகதிர். "வேற பேர்ல எங்கேயோ பதுங்கிட்டான். கண்டுபிடிக்க முடியல. அப்புறம் அக்காதான் ஒரு யோசனை சொன்னாங்க."

"அவனை வெளியே வரவழைக்கணும்னா, அவனையே புதைச்சாத்தான் ஆகும்னு தோணிச்சு" என்றாள் சல்கினாய். "நான் அவனைக் கொன்னுட்டேன்னு ஊர் நம்பணும். போலீஸ் தோண்டப் போகுதுன்னு அவன் காதுல விழணும். தோண்டினா என்ன கிடைக்கும்னு அவனுக்குத் தெரியும். தடுக்கறதுக்கு இருக்கிறது ஒரே வழி... உயிரோட வந்து நிக்கணும்!"

"அதுக்காக ஒரு நாவலே எழுதினியா?!"

"சும்மா சொன்னா நாலு நாள்ல மறந்துடுவாங்க. அச்சுல வந்தா மறக்க மாட்டாங்க."

"சரி... அல்மாட்டியில இருக்கிறவன் காது வரைக்கும் சேதி எப்படிப் போச்சு?"

சல்கினாய் உம்சுனாயைப் பார்த்தாள்.

"முந்தாநாள் சாயம் பூசும்போது அக்கா காதுல சொன்னேன். 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

கூட்டம் உம்சுனாய் பக்கம் திரும்பியது. அவள் முகம் முதலில் கூந்தல் நிறத்துக்குச் சிவந்தது. அப்புறம் மெல்ல நிமிர்ந்து, தோளைப் பின்னுக்குத் தள்ளி, பதக்கம் வாங்க வந்தவள் மாதிரி நின்றாள்.

"பார்த்துக்குங்க! சர்க்காரால புடிக்க முடியாதவனை நான் புடிச்சுக் குடுத்திருக்கேன்!"

பிறகு என்ன நினைத்தாளோ, சட்டென்று மேஜையைச் சுற்றி வந்தாள். சல்கினாயின் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அழுதுடுடி. வியாழக்கிழமை வியாழக்கிழமையா தனியா எண்ணெய் காய வச்சியே... வர்ற வாரம் என் வீட்டுக்கு வா. நான் பொரிச்சு வைக்கிறேன். உன் தம்பி பேரைச் சொல்லி ஊர் பூராக் குடுப்போம்."

சல்கினாய் அழுதாள். ஒரு வருஷமாய் அடக்கி வைத்த அழுகை. ஆண்கள் எல்லாரும் திடீரென்று புத்தக அலமாரிகளை உன்னிப்பாய்ப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

தொக்தோசுன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்தார்.

மேஜைமேல் குவிந்திருந்த புத்தகங்களை நோக்கி ஒரு கை மெதுவாய் நீண்டது. அந்தக் குதிரை வியாபாரி.

"தொக்தோசுன் அண்ணே... நான் அவசரப்பட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்..."

"எனக்கும்! எனக்கும்!"

"அதுல என் பேர் எழுதியிருக்கு, விடுய்யா!"

"வரிசை! வரிசை!" தொக்தோசுன் துள்ளி எழுந்தார். "ஆளுக்கு ஒரு புத்தகம்தான்! உம்சுனாய் அக்கா, நீங்களும் வாங்கித்தான் ஆகணும்!"

ஜுமாகதிர் கெல்தீபெக்கைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளியே ஜீப் உறுமியது.

படியில் கால் வைத்தவன் நின்றான். திரும்பினான். அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆத்திரம் இருந்தது. அதையெல்லாம் மீறி வேறு ஏதோ ஒன்று அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"ஏய்... கதையில என்னை எப்படிக் கொன்னே?"

சல்கினாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். அடுத்த புத்தகத்தைத் திறந்தாள்.

தொக்தோசுன்தான் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"முடிவை வெளியே சொல்றது எங்க வழக்கமில்லே தம்பி... காசு குடுத்து வாங்கிப் படி!"